மாப்பிள்ளைக்கு டெம்போ உண்டா?

என் கையில் ஒரு இரும்புக் கம்பைக் கொடுத்து, "ம், வீசுங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா.

இண்டூருக்குப் பக்கத்தில் கடலைக்காய் பிடுங்கி முடித்திருந்த ஒரு காடு. என் காலடியில் சின்னதாக ஒரு வெள்ளைப் பந்து. எதிரே, கொஞ்ச தூரத்தில், சாணி போட்டு மெழுகிய ஒரு களம். களத்தின் நடுவில் ஒரு குழி, குழியில் ஒரு மூங்கில் குச்சி, குச்சியின் நுனியில் சிவப்புத் துணி. அந்தப் பந்து அந்தக் குழிப் பக்கம் போக வேண்டுமாம்.

ஒரு பக்கம் என் அம்மா, பட்டுப்புடவையில். இன்னொரு பக்கம் எங்கள் மாதா கோயில் உபதேசியார், வெள்ளை ஜிப்பாவில். காட்டை ஒட்டி வளைந்து போகிற ரோட்டோரம் ஒரு டெம்போ வண்டி நின்றது. அதன் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அந்த வண்டிக்கு மேலே என் சொந்தக்காரர்கள் ஏறி நின்றுகொண்டு, திருவிழாக் கூத்து பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போட்டிருந்த புதுச் சட்டைக்கு அம்மா போட்ட கஞ்சி கொஞ்சம் அதிகம். கையைத் தூக்கினால் சட்டை முறுக்கு உடைகிற மாதிரி சத்தம் போட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருவதுதான் உலக வழக்கம். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

இந்தத் தொடரைப் படிக்கிற நண்பர் ஒருவர் போன வாரம் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "ரோட்டுல டெம்போ போனா நின்னு பாத்துச் சிரிக்கறீங்களே, ஏனுங்க?" என்று கேட்டார். அவருக்கான பதில்தான் இந்த வாரம்.

மின்னல்

எண்பதுகளில் நான் தர்மபுரியில் "மின்னல் தட்டச்சுப் பயிலகம்" நடத்திக்கொண்டிருந்தேன். கீழே அரிசி மண்டி, மேலே மின்னல். பெயர் வைத்தது நான்தான். வேகம் ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்த சொத்து. நான் மெஷினில் கை வைத்தால் கீழே மண்டிக்காரர் மழை வந்துவிட்டது என்று தார்ப்பாயைத் தேடி ஓடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

எனக்கு எதிலும் வேகம். சோற்றை மெல்ல மாட்டேன். கோயிலில் மற்றவர்கள் ஜெபத்தைத் தொடங்கும்போது நான் ஆமென் சொல்லி உட்கார்ந்திருப்பேன். "செபாஸ்டினுக்குச் சாமிகிட்ட பேசவும் நேரமில்ல" என்று உபதேசியார் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார்.

சாயங்கால வகுப்புக்கு ரெஜினா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பி.ஏ. முடித்துவிட்டு ஹையர் பரீட்சைக்காக வந்தவள். இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், ஜன்னலோர மெஷினில் உட்காருவாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

எல்லா மெஷினும் சேர்ந்து அடித்தால் அந்த மாடி தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி இருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளும் அவள் மெஷின் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. டக், டக், டக். வரி முடிகிற இடத்தில் மணி, ணங். திரும்பவும் டக், டக், டக். ஓட்டமும் இல்லை, தூக்கமும் இல்லை, எல்லாம் ஒரே அளவு. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் மூச்சு மெல்ல இறங்கி ஒரு நிதானத்துக்கு வரும். மனசு லேசாகிவிடும். அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. காதல் என்று நினைத்தேன். அதுவும் சரிதான்.

வாத்தியார் என்ற முறையில் ஒரு நாள் கண்டித்தும் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் வேகமா அடிங்க. பரீட்சைல நேரம் பத்தாது."

"வேகமா அடிச்சா தப்பு வருதுங்க சார்."

"வந்தா வந்துட்டுப் போகுது. மொதல்ல ஸ்பீடு வரட்டும்."

"எங்கப்பா வேற மாதிரி சொல்வாருங்க. அவசரப்பட்டா பந்து புதருக்குள்ள போயிடும்னு."

தட்டச்சில் எங்கே பந்து, எங்கே புதர்? அவள் அப்பா ஏதோ பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுப்பவர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பரீட்சையில் அவள் முதல் வகுப்பில் தேறினாள். என் அருமைச் சீடன் ஒருவன், என்னை மாதிரியே பறந்து அடிப்பவன், தாள் தீர்ந்தது தெரியாமல் கடைசிப் பத்தியை வெறும் ரோலரில் அடித்துவிட்டு வந்தான்.

தேறிய சந்தோஷத்துக்கு மைசூர்பாகு கொண்டுவந்தவள், திரும்பிப் போகும்போது மாடிப்படியில் நின்றாள். "சார், உங்களுக்கு எங்க வூட்டுல கேக்கணும்னு எண்ணம் இருந்தா உபதேசியார அனுப்புங்க. சீக்கிரம் அனுப்புங்க, தவக்காலம் வந்துடும்."

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "சீக்கிரம்னு சொன்னது இதுக்கு மட்டுந்தாங்க."

ஒரே ஒரு குழி

ரெஜினாவின் அப்பாவை ஊரில் கேப்டன் என்பார்கள். ராணுவத்தில் ஓய்வு பெறும்போது மரியாதைக்காகக் கொடுத்த பட்டம் அது. வடக்கே ஏதோ ஒரு ராணுவ ஊரில், பெரிய அதிகாரிகள் கோல்ஃப் ஆடுகிற புல்வெளியைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. புல்லைப் பார்க்கப் போனவர் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு அது அவரை விடவில்லை.

ஊருக்குத் திரும்பி நிலம் வாங்கி, பாதியில் கடலைக்காய் போட்டார். மீதியில் புல் விதைத்தார். நம் ஊர் வெயிலுக்குப் புல் வரவில்லை, எங்கிருந்தோ ராகி முளைத்தது. அவர் சளைக்கவில்லை. நடுவில் களம் ஒன்று அமைத்து, சாணி போட்டு வழவழவென்று மெழுகி, அதில் குழி தோண்டினார். அந்த ஆட்டத்துக்கு நிறையக் குழி வேண்டுமாம். அவருக்கு இருந்த நிலத்துக்கு ஒன்றுதான் முடிந்தது. சுற்றிச் சுற்றி வந்து அதே குழியில் போட்டுக்கொண்டிருந்தார்.

நல்ல களத்தைச் சும்மா விடுமா ஊர்? அவர் காலையில் எழுந்து வந்தால் யாராவது ராகி காயப்போட்டிருப்பார்கள். "கேப்டனுங்களே, உங்க குழிக்குள்ள எங்க ராகி ஒரு படி போயிடுச்சுங்க, எடுத்துக்கறேன்" என்று சொல்லி அள்ளிப் போவார்கள். ஆடுகளும் வரும். பந்து ஆட்டின் மேல் பட்டால் இன்னொரு தடவை அடிக்கலாம், மாட்டின் மேல் பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று அவரே சட்டம் வைத்திருந்தார். இந்த இரண்டாவது சட்டம் ஒரு மாட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்தது.

இதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் படலம் எப்படி நுழைந்தது என்றால், கம்பை வீசுகிற விதத்தில் ஆளின் குணம் தெரிந்துவிடும் என்பது கேப்டனின் நம்பிக்கை. ஜாதகத்துக்குப் பதில் அவர் இதைப் பார்த்தார். சேலத்திலிருந்து வந்த பேங்க் மாப்பிள்ளை வீசிய வேகத்தில் கம்பும் கையை விட்டுப் பறந்து கிணற்றில் விழுந்தது. "கோபக்காரன்" என்று அனுப்பிவிட்டார். ஓசூர் கம்பெனி மாப்பிள்ளை கம்பைத் தூக்கிப் பிடித்தவர், இறக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றுவிட்டார். "இவன் கையில குடும்பம் அந்தரத்துல நிக்கும்" என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முன்கூட்டிச் சொன்னால் நான் பயந்து ஓடிவிடுவேன் என்று ரெஜினா சொல்லவில்லையாம். ஓடியிருப்பேன், அதுவும் வேகமாக.

உபதேசியார் கொண்டுவந்த சேதி

உபதேசியார் இண்டூர் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அவர் முகம் குழம்பியிருந்தது.

"என்ன சொன்னாருங்க?" என்றார் அம்மா. அப்பா இல்லாத வீட்டில் எல்லாப் பேச்சும் அம்மாதான்.

"நகை நட்டு, சீர் செனத்தி ஒண்ணும் பேசலம்மா. பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டான்னுகூடக் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. டெம்போ இருக்கான்னாரு."

"என்னாது?"

"டெம்போ. மாப்பிள்ளைக்கு டெம்போ இருக்கணுமாம். இல்லாதவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு கறாரா சொல்லிட்டாரு."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாப்பிள்ள வூட்டுக்காரங்க ஸ்கூட்டர் கேப்பாங்க, கேள்விப்பட்டிருக்கறேன். பொண்ணு வூட்டுக்காரர் டெம்போ கேக்கறது எந்த ஊர் நியாயம்?"

"நானும் சொன்னேனே! பையன் பொடிநடையா போறவன்தான், வேணும்னா பின்னாடி வாங்கிக்குவான்னேன். அதுக்கு அவரு, 'அது கடையில வாங்கற சமாச்சாரம் இல்லீங்க, பொறவியிலயே இருக்கணும்'ங்கறாரு."

"பொறவியிலயே டெம்போ இருக்குமா?"

"பரம்பரையா லாரி வெச்சிருக்கற குடும்பமா பாக்கறாரோ என்னமோ."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடலைக்காய் மூட்டையை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக விவசாயிக்கு வண்டி வேண்டாமா? மாப்பிள்ளையிடமே வண்டி இருந்தால் வாடகை மிச்சம். கெட்டிக்கார மனுஷன் என்று நினைத்தேன்.

"இன்னொண்ணும் சொன்னாரு," என்று உபதேசியார் தலையைச் சொறிந்தார். "நேர்ல வரும்போது ஸ்விங்கு பாக்கணுமாம்."

"அப்படின்னா?"

"ஊஞ்சல்."

"ஊஞ்சல் ஆடற வழக்கமெல்லாம் நம்ம கல்யாணத்துல ஏது?" என்றார் அம்மா. "சரி, அவங்க வூட்டு ஆசைன்னா ஆடிட்டுப் போறான். மொதல்ல டெம்போவுக்கு வழி பாக்கணும்."

அன்வரின் வண்டி

அன்வர் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். தக்காளி வியாபாரம். மார்க்கெட்டில் கூடை கூடையாக எடுத்துச் சேலத்துக்கு ஏற்றிப் போவான். அதற்காக ஒரு டெம்போ வைத்திருந்தான்.

"மாப்ள, தாராளமா எடுத்துக்க. ஆனா செல்ஃப் மோட்டார் போயிடுச்சு. ஒரு தடவ கெளப்பிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாது. நானே ஓட்டிட்டு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். முன்கண்ணாடி மேல் "அன்வர் தக்காளி மண்டி" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அம்மா அதன் மேல் ஒரு கதம்ப மாலையைத் தொங்கவிட்டார். மாலை போதாமல் "தக்காளி" மட்டும் தெரிந்தது. பின்னால் ஏறிய சொந்தக்காரர்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். என் சித்தப்பா அழுகல் தக்காளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, பெண் வீட்டில் கடைசிவரை சுவரைவிட்டு நகராமல் நின்றார்.

வழியெல்லாம் நாள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். தவக்காலம் நெருங்கிவிட்டது. அதற்குள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். இன்றைக்குச் சரி என்று சொல்லாவிட்டால் ரெஜினாவுக்கு அடுத்த மாப்பிள்ளை வந்துவிடுவான். அந்த ஜன்னலோர மெஷினில் இப்போது வேறொரு பையன் உட்கார்ந்து, குரங்கு கையில் மெஷின் கிடைத்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். சகிக்க முடியவில்லை. அவள் இல்லாத அந்த மாடியில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை.

வாசல்ல நிக்குதுங்களே

கேப்டன் வெள்ளை மீசையும் கால்சட்டையுமாக எங்களை வரவேற்று உட்காரவைத்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ரோட்டில் டெம்போ டுப்பு டுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது.

"உபதேசியார் சொல்லியிருப்பாரு," என்று நேராக விஷயத்துக்கு வந்தார். "எனக்கு வேற எதுவும் முக்கியமில்லீங்க. டெம்போ ஒண்ணுதான்."

"அதுக்கென்னங்க, வாசல்ல நிக்குதுங்களே," என்றார் அம்மா பெருமையாக.

கேப்டன் வாசலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிக்கறத வெச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"நல்லா ஓடுங்க. நெதமும் தக்காளி ஏத்திக்கிட்டு சேலம் போயிட்டு வருது."

கேப்டனின் புருவம் உயர்ந்தது. "டைப் சொல்லிக் குடுக்கறாருன்னாங்களே?"

"அதும் உண்டுங்க. பின்பக்கம்தான் கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்குள்ள பெயிண்ட் அடிச்சுடறோம்."

கேப்டன் என் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். நான் சுவரோரம் ஒதுங்கினேன். ஏற்கெனவே அங்கே ஒதுங்கியிருந்த சித்தப்பா மேல் மோதினேன்.

"சரிங்க," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "டெம்போ டெம்போன்னு பேசறமே, மேல போறப்போ எப்படி இருக்கணும், கீழ வர்றப்போ எப்படி இருக்கணும், யாராவது சொல்லுங்க பாக்கலாம்."

டெம்போ என்றதும் அன்வர் முன்னால் வந்தான். அவன் விஷயம் அல்லவா?

"மேல போறப்போ அவசரமே கூடாதுங்க. நிதானமா, ஒரே சீரா ஏத்தணும். உச்சிக்குப் போனதும் ஒரு நொடி தாமதிக்கணும். கீழ எறங்கறப்போ நாம மெனக்கெடக் கூடாதுங்க, அதோட எடைக்கு அதுவே எறங்கும். நாம சும்மா புடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். அங்க போய் ஆத்திரப்பட்டு அழுத்தினீங்கன்னா முடிஞ்சது கத."

அன்வர் சொன்னது தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டுவதை.

கேப்டன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "நான் வேல பாத்த எடத்துல பெரிய பெரிய அதிகாரிங்க இருந்தாங்க. ஒருத்தர் இப்படிச் சொன்னதில்ல." அன்வரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

அன்வர் மிரண்டு போனான். "ஆயிடுச்சுங்க! ரெண்டு பொண்ணு இருக்குதுங்க!"

"மாப்பிள்ள அவரு இல்லீங்க, இவரு," என்று உபதேசியார் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"அதாங்க எனக்குக் கவல," என்றார் கேப்டன்.

ரெஜினா தட்டில் காபி கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தோம். நான் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு லேசாகத் தலையை ஆட்டினாள். இந்த ஆள் தேற மாட்டான் என்பது போல இருந்தது.

வீச்சு

அதன் பிறகுதான் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் கம்பைக் கொடுத்தார். ஊஞ்சல் எங்கே என்று அம்மா சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் பந்துக்கு மின்னல் மாதிரி வீசினேன். பந்து அசையவில்லை. பெயர்ந்த மண்கட்டி பறந்து போய் உபதேசியாரின் ஜிப்பாவில் உட்கார்ந்தது. டெம்போ மேலிருந்து கைதட்டல் கேட்டது. மண் நல்ல தூரம் போனதால் அவர்களுக்குத் திருப்தி.

"தம்பி, என்ன அவசரம்? பந்து எங்கயும் ஓடிப்போகாது," என்றார் கேப்டன். "தூக்கறது ஒரு வேல, எறக்கறது ஒரு வேலன்னு பிரிக்காதீங்க. ரெண்டும் ஒண்ணு. உள்ளுக்குள்ள ஒரு தாளம் ஓடணும். அதத்தான் டெம்போங்கறது."

அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. பொறவியிலேயே இருக்க வேண்டியது எது, கடையில் கிடைக்காதது எது என்று. நான் ரோட்டைப் பார்த்தேன். கதம்ப மாலைக்குக் கீழே "தக்காளி" தெரிந்தது. என்னிடம் இல்லாத ஒன்றைத்தான் இந்த மனுஷன் கேட்கிறார். பிறந்ததிலிருந்து எனக்கு அது இருந்ததே இல்லை.

இரண்டாவது பந்துக்கு உள்ளே தாளத்தைத் தேடினேன். காதில் விழுந்தது டெம்போ எஞ்சின்தான். டுப்பு, டுப்பு, டுப்… டுடுடுப்பு. அது இருமுகிற இடத்தில் என் கையும் இருமியது. பந்து பக்கவாட்டில் பாய்ந்து புளியமரத்துக்குள் போக, காக்கைகள் கத்திக்கொண்டு கிளம்பின.

கேப்டன் பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து வைத்தார். "இதுதாங்க கடைசி. மொதல்ல அந்தச் சனியன நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தினா கெளம்பாதுங்க!" என்று அன்வர் அங்கிருந்தே அலறினான்.

"நிறுத்துங்க!" அது ராணுவக் குரல். அன்வர் நிறுத்திவிட்டான்.

காடு முழுக்க அமைதியானது. என் சொந்தக்காரர்களுக்கு என் கல்யாணத்தைவிட வீடு போய்ச் சேரும் கவலை பெரிதாகிவிட்டது. பெண் வீட்டுச் சுவரோடு நின்றுவிட்ட சித்தப்பா தவிர எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளப் போனார்கள். "ஐலசா" சத்தம் தூரத்தில் தேய்ந்து போனது. காட்டில் நான், அம்மா, கேப்டன், அழுக்கு ஜிப்பாவில் உபதேசியார்.

கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. யாரோ டம்ளர்களை மேடை மேல் ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். டக், டக், டக். பிறகு தட்டு, ணங். திரும்பவும் டக், டக், டக். ணங்.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். எத்தனை மெஷின் ஓடினாலும் தெரியும்.

என் மூச்சு இறங்கியது. டக், டக், டக் என்று கம்பு மேலே போனது. நான் தூக்கவில்லை, அது போனது. உச்சியில் ஒரு நொடி நின்றேன். ணங் என்றபோது அதுவாக இறங்கியது. கையில் ஒன்றும் உறைக்கவில்லை, வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருந்தது. சட்டைகூடச் சத்தம் போடவில்லை.

பந்து எழும்பியது. களத்தைத் தாண்டி, சிவப்புத் துணிக்கு மேலே போய், ரோட்டின் வளைவுக்குப் போனது. அங்கே அப்போதுதான் வண்டி பொத்தென்று புகையைக் கக்கிக் கிளம்பியிருந்தது. பந்து சரியாக அதன் பின்பக்கத்தில் போய் டொங்கென்று விழுந்தது. ஊர்க்காரர்கள் கல்லெறிகிறார்கள் என்று அன்வர் வண்டியை விரட்டினான். என் சொந்தக்காரர்கள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

கேப்டன் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. கம்பு தோள் மேல் வந்து நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெம்போ இருக்கு," என்றார் மெதுவாக.

"அதத்தாங்க வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்றார் அம்மா. "இப்ப அது போயிடுச்சு. நாங்க எப்படி வூட்டுக்குப் போறது?"

இரண்டாவது காபி

தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. பூசை முடிகிற வரைக்கும் கோயில் வாசலில் அன்வரின் டெம்போ ஓடிக்கொண்டே இருந்தது. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி ஒரு வீச்சு எனக்கு வரவே இல்லை. ஞாயிறுதோறும் மாமனார் கம்பைக் கொடுப்பார், நான் மண்ணைப் பறக்கவிடுவேன். "கல்யாணமானா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்று என்னை அவரே சமாதானப்படுத்துவார். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது.

அம்மாவுக்கு மட்டும் அந்த நாளைப் பற்றி ஒரு குறை இருந்தது. யார் வந்தாலும் சொல்லிவிடுவார். ஒரு தடவை அன்வர் வீட்டுக்கு வந்திருந்தபோதும் ஆரம்பித்தார்.

"என்னமோ போ ரெஜினா, அன்னிக்கு உங்க வூட்டுல ரெண்டாவது காபிக்கு டம்ளர் வெச்ச சத்தம் காடு வரைக்கும் கேட்டுச்சு. நானும் இப்ப வரும், அப்ப வரும்னு பாத்தேன். ஒரு சொட்டு வரலியே!"

ரெஜினா எங்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ரெண்டாவது காபி ஏதுங்க அத்த? பால் மொதல் தடவையே தீந்துபோச்சு. காலி டம்ளரத்தான் வெச்சு வெச்சு எடுத்தேன்."

"காலி டம்ளரயா? எதுக்கு?"

"உங்க பையனுக்குச் சொந்தமா டெம்போ இல்லீங்களே அத்த. அதான் என்னோடத எரவல் குடுத்தேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "அது அன்வரோடதுல்ல?" என்று என்னைக் கேட்டார். அன்வரும் ஆமாம் என்று தலையாட்டினான்.

நான் அவள் நீட்டிய காபியை வாங்கி, நாக்கு சுடாமல், மெதுவாகக் குடித்தேன்.